மது அருந்துதலும் உடலின் உயிரியல் வயதும்: 40 வயதைக் கடந்தவர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

ஒருவருடைய வயதை இரண்டு வகையாகக் கணக்கிடலாம். பிறந்த நாளிலிருந்து எண்ணி வரும் ஆண்டுகள் நாட்காட்டி வயது எனப்படும். இரத்தக் குழாய்கள், கல்லீரல், மூளை, எலும்பு, தசை ஆகியவை எந்த அளவுக்குத் தேய்மானம் அடைந்துள்ளன என்பதைக் குறிப்பது உயிரியல் வயது. ஒரே ஆண்டில் பிறந்த இருவரில் ஒருவர் 60 வயதிலும் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார். மற்றவர் நடக்கவே துணை தேடுகிறார். இந்த வேறுபாட்டுக்கு மரபணு, உணவு, உறக்கம், உடலுழைப்பு, புகையிலை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் எனப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் மதுவும் ஒன்று.

மது அருந்துபவர்களுக்காகவும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. மது உடலின் மூப்பை எவ்வாறு விரைவுபடுத்துகிறது, அதனை எந்தப் பரிசோதனைகளில் காணலாம், பாதிப்பில் எவை மீளக்கூடியவை, பாதுகாப்பாக நிறுத்துவது எப்படி என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

சுருக்கமாக

• அதிக அளவில் நீண்ட காலம் மது அருந்துவோரிடம் உயிரணு, இரத்தம், மூளை ஆகிய மூன்றிலும் வயதுக்கு மீறிய மூப்பின் அடையாளங்கள் காணப்படுகின்றன.
• "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடப்படும் மறதி, கை நடுக்கம், தள்ளாட்டம் ஆகியவற்றுக்கு மது காரணமாக இருக்கலாம். அவற்றில் ஒரு பகுதி சரிசெய்யக்கூடியது.
• பல ஆண்டுகளாக நாள்தோறும் அருந்துபவர் மருத்துவ ஆலோசனை இன்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

உயிரியல் வயதை எவ்வாறு அளக்கிறார்கள்?

உயிரியல் வயதை முழுமையாகக் காட்டும் ஒரே பரிசோதனை என்று எதுவும் இல்லை. ஆய்வாளர்கள் முக்கியமாக மூன்று வகைக் குறியீடுகளைப் பயன்படுத்துகின்றனர்.

முதலாவது, டெலோமியர். நம் உயிரணுக்களில் உள்ள ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனைகளிலும் ஒரு பாதுகாப்பு உறை போன்ற பகுதி உள்ளது. உயிரணு பிரியும் ஒவ்வொரு முறையும் இந்த முனை சற்றுக் குறுகுகிறது. மிகவும் குறுகிய பின்னர் அந்த உயிரணு மேலும் பிரிய இயலாத நிலையை அடைகிறது. டெலோமியர் குரோமோசோம்களை எவ்வாறு பாதுகாக்கிறது என்பதைக் கண்டறிந்தமைக்காக 2009ஆம் ஆண்டில் எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாவது, மரபணுவின் மேற்குறிகள். டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் எனும் சிறு வேதித் தொகுதி ஒட்டிக்கொள்வதும் நீங்குவதும் வயதுடன் ஓர் ஒழுங்கில் மாறி வருகின்றன. 2013ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஹோர்வாத் இத்தகைய 353 இடங்களை அளந்து வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். இதனையும் இதன் பின்னர் வந்த முறைகளையும் "மூப்புக் கடிகாரங்கள்" எனலாம்.

மூன்றாவது, வழக்கமான இரத்தப் பரிசோதனைகளின் தொகுப்பு. 2018இல் வெளியான ஒரு முறையில், அல்புமின், கிரியாட்டினின், சர்க்கரை, சி.ஆர்.பி., அல்கலைன் பாஸ்படேஸ், வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, லிம்போசைட் விழுக்காடு, சிவப்பணுவின் சராசரி அளவு, சிவப்பணுக்களின் அளவு வேறுபாடு ஆகிய ஒன்பதுடன் நாட்காட்டி வயதும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் பரிசோதனைகளே.

மது உடலுக்குள் என்ன செய்கிறது?

அருந்தும் மதுவின் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைக்கிறது. முதற்படியில் மது அசிட்டால்டிஹைடு எனும் நச்சுப் பொருளாக மாறுகிறது. இரண்டாம் படியில் அது தீங்கு குறைந்த அசிட்டேட்டாக மாறி வெளியேறுகிறது. இடையில் தோன்றும் அசிட்டால்டிஹைடு டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. சேதத்தைச் சரிசெய்யும் உயிரணுவின் ஆற்றலையும் குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உறுதிசெய்யப்பட்ட முதல் பிரிவில் சேர்த்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய உறுப்புகளின் புற்றுநோய்களுக்கு மது ஒரு காரணம்.

தொடர்ந்து அதிகமாக அருந்துவோரிடம் கல்லீரலின் மற்றொரு நொதி அமைப்பும் தூண்டப்படுகிறது. அது இயங்கும்போது, உயிரணுக்களை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுதியாக வெளிப்படுகின்றன. குடலின் உட்சுவர் பலவீனமடைந்து, நுண்ணுயிரிகளின் நச்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. இவற்றின் விளைவாக உடல் முழுவதும் மெல்லிய அழற்சி நிலைத்துவிடுகிறது. முதுமையில் இயல்பாகவே தோன்றும் அழற்சியை மது முன்கூட்டியே வரவழைக்கிறது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

ஒருவரது உடல் சராசரியாக ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் மதுவை மட்டுமே சிதைக்க இயலும். குளிப்பதாலோ, மோர், எலுமிச்சைச் சாறு, காபி முதலியவற்றை அருந்துவதாலோ இந்த வேகம் கூடுவதில்லை.

நீங்கள் எவ்வளவு அருந்துகிறீர்கள்? கணக்கிடும் முறை

மருத்துவரிடம் "கொஞ்சம்தான்" என்று கூறுவதைவிட, கிராம் கணக்கில் அறிந்திருப்பது பயனுள்ளது. இங்கே 10 கிராம் தூய மதுவை ஓர் அலகாகக் கொள்கிறோம்.

• பிராந்தி, ரம், விஸ்கி (42.8 விழுக்காடு) 30 மில்லி: 1 அலகு
• அதே வகை ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி: 6 அலகு
• 5 விழுக்காடு மதுவுள்ள பீர், 650 மில்லி புட்டி: இரண்டரை அலகு
• 8 விழுக்காடு மதுவுள்ள பீர், 650 மில்லி புட்டி: 4 அலகு

"பீர் மட்டும்தான் குடிக்கிறேன்" என்பவரும் அதிக அளவு மதுவை உட்கொள்ளக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஒரு குவார்ட்டரில் உள்ள 60 கிராமை உடல் சிதைத்து முடிக்க ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு அருந்தியவர் காலையில் வாகனம் ஓட்டும்போதும் அவரது இரத்தத்தில் மது எஞ்சியிருக்கலாம்.

ஆய்வுகள் என்ன கூறுகின்றன?

பிரித்தானியாவில் ஏறத்தாழ 2,45,000 பேரின் தரவுகளைக் கொண்டு நடைபெற்ற டெலோமியர் ஆய்வு 2022இல் வெளியானது. வாரத்திற்குச் சுமார் 230 கிராமுக்கு மேல், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய நான்கு குவார்ட்டர் அளவு அருந்தியவர்களை, வாரத்திற்கு ஒரு குவார்ட்டருக்கும் குறைவாக அருந்தியவர்களுடன் அந்த ஆய்வு ஒப்பிட்டது. முதற்பிரிவினரின் டெலோமியரில், ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள் கூடுதல் வயதுக்கு இணையான குறுக்கம் காணப்பட்டது. மரபணு அடிப்படையில் செய்யப்பட்ட பகுப்பாய்வும், குறிப்பாக மது அடிமைநிலையில், மதுவே இக்குறுக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்பதை ஆதரித்தது.

அதே ஆண்டில், 36,000க்கும் மேற்பட்டோரின் மூளை எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு வெளியானது. 50 வயதுடையோரில் நாளொன்றுக்கு 8 கிராம் அருந்துபவரையும் 16 கிராம் அருந்துபவரையும் ஒப்பிட்டபோது, மூளையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு மூப்புக்கு இணையான வேறுபாடு இருந்தது. 16 கிராம் என்பது 30 மில்லி அளவில் இரண்டுக்கும் குறைவு.

மூப்புக் கடிகாரங்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளில், மது அடிமைநிலையில் உள்ளவர்களின் உயிரியல் வயது கூடுதலாக இருப்பது பலமுறை காணப்பட்டுள்ளது. குறைந்த அளவு அருந்துபவர்களைப் பொறுத்தவரை எல்லாக் கடிகாரங்களும் ஒரே விடையைத் தரவில்லை.

இம்முடிவுகளைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். இவை பெரும் எண்ணிக்கையினரின் சராசரிகள். தனியொருவருக்கு "உங்கள் வயது இத்தனை ஆண்டு கூடிவிட்டது" என்று இவற்றைக் கொண்டு கூற முடியாது. மேலும், மது அருந்துபவர்களில் பலர் புகைபிடிப்பவர்களாகவும் இருப்பதால், இரண்டின் விளைவுகளையும் முற்றிலும் பிரித்துக் காண்பது எளிதன்று. "உயிரியல் வயது" என்று விளம்பரம் செய்யப்படும் விலை உயர்ந்த பரிசோதனைகளைச் செய்துகொள்வதால் சிகிச்சையில் எந்த மாற்றமும் ஏற்படப்போவதில்லை. அவற்றுக்காகக் கடன் வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

"சிறிதளவு அருந்தினால் இதயத்துக்கு நல்லது" என்பது உண்மையா?

இக்கருத்து பழைய ஆய்வுகள் சிலவற்றிலிருந்து பரவியது. அவற்றில் மதுவே அருந்தாதவர்களைவிடச் சிறிதளவு அருந்தியவர்கள் நலமாக இருந்ததாகத் தோன்றியது. "அருந்தாதவர்" என்ற பிரிவில், நோய்வாய்ப்பட்ட பின் மதுவை நிறுத்தியவர்களும் சேர்க்கப்பட்டிருந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சிறிதளவு அருந்துவோர் பலர் வருமானத்திலும் உணவிலும் மருத்துவ வசதியிலும் மேம்பட்டவர்களாக இருந்ததும் மற்றொரு காரணம். இக்குறைகளை நீக்கிக் கணக்கிடும்போது மதுவின் நன்மை பெரிதும் மறைந்துவிடுகிறது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே, இதயத்தைக் காக்க மது அருந்தத் தொடங்க வேண்டாம்.

வயது கூடும்போது அதே அளவு மது ஏன் அதிகம் பாதிக்கிறது?

வயது ஏற ஏற உடலில் தசையும் நீரின் அளவும் குறைகின்றன. மது நீரில் கரையும் பொருள். எனவே 30 வயதில் அருந்திய அதே அளவை 60 வயதில் அருந்தினால் இரத்தத்தில் மதுவின் செறிவு கூடுதலாகிறது. பெண்களுக்கு உடல் நீரின் விகிதம் இயல்பாகவே குறைவு என்பதால் இந்த விளைவு மேலும் அதிகம். "முப்பது வருடமாக இதே அளவுதான் அருந்துகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று கூறுபவரின் அளவு மாறவில்லை எனினும், அதனைத் தாங்கும் உடல் மாறிவிட்டது.

இவ்வயதில் பலரும் நாள்தோறும் மருந்து உட்கொள்கின்றனர். மதுவுடன் சேரும்போது கீழ்க்காணும் ஆபத்துகள் ஏற்படலாம்.

• இன்சுலின், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு: இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். மயங்கிக் கிடப்பவரைப் "போதையில் இருக்கிறார்" என்று கருதி விட்டுவிட்டால் உயிரிழப்பு நேரலாம்.
• மெட்பார்மின்: அதிக மதுவுடன் சேரும்போது இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகும் அபாயம் உண்டு.
• இரத்த அழுத்த மாத்திரைகள்: எழுந்து நிற்கும்போது அழுத்தம் குறைந்து விழ நேரிடலாம்.
• ஆஸ்பிரின், வலி நிவாரணிகள்: இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்படலாம்.
• பாராசிட்டமால்: கல்லீரல் பாதிப்பின் அபாயம் கூடுகிறது.
• தூக்க மாத்திரைகள், வலிப்பு மருந்துகள்: மூச்சுத்திணறலும் ஆழ்ந்த மயக்கமும் ஏற்படலாம்.

மது அருந்தும் நாளில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் சரியன்று. இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்தை விட்டுவிட்டு மது அருந்துவது இரட்டைத் தீங்கு. உண்மையான நிலையை மருத்துவரிடம் கூறி, மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டறியுங்கள்.

வழக்கமான பரிசோதனைகளில் காணும் குறிகள்

உங்கள் ஆய்வக அறிக்கையிலேயே மதுவின் சுவடுகளைக் காண இயலும்.

ஜி.ஜி.டி. எனும் கல்லீரல் நொதி, தொடர்ந்து அருந்துவோரிடம் உயர்கிறது. மதுவை நிறுத்தினால் சில வாரங்களில் குறையத் தொடங்கும்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய இரண்டில் முன்னது பின்னதைப் போல் இரு மடங்குக்கு மேல் இருப்பின், கல்லீரல் பாதிப்புக்கு மது காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதுவார்.

எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. மது எலும்பு மஜ்ஜையைப் பாதிப்பதால் சிவப்பணுக்கள் பெரிதாகின்றன. ஒரு சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்வதால், மதுவை நிறுத்திய பின் இந்த அளவு இயல்புக்கு வர இரண்டு முதல் நான்கு மாதங்கள் ஆகும்.

மேலே கூறிய ஒன்பது பரிசோதனைத் தொகுப்பில் எம்.சி.வி., அல்புமின், சர்க்கரை, சி.ஆர்.பி. ஆகியவையும் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். மது இவற்றை நேரடியாகவே மாற்றக்கூடியது. எனவே அதிகம் அருந்துபவருக்குக் கணக்கிடப்படும் "கூடுதல் வயதில்" ஒரு பகுதி மதுவின் உடனடிப் பாதிப்பாகவும் இருக்கலாம். நிறுத்தினால் அப்பகுதி குறைய வாய்ப்புண்டு.

பிற நோய்களாலும் இந்த அளவுகள் மாறும். கொழுப்புக் கல்லீரல், மஞ்சள் காமாலை வைரசுகள், வைட்டமின் பி12 குறைபாடு, சில மருந்துகள் ஆகியவை எடுத்துக்காட்டுகள். அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களே முடிவுக்கு வர வேண்டாம். அதேபோல், எல்லா அளவுகளும் இயல்பாக இருப்பதாலேயே தொடர்ந்து அருந்தலாம் என்றும் பொருளாகாது.

மூப்பு என்று தவறாக எண்ணப்படும் அறிகுறிகள்

குடும்பத்தினர் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். 60 வயதைக் கடந்தவரிடம் கீழ்க்கண்டவை தோன்றினால் பெரும்பாலும் வயதின் மீதே பழி போடப்படுகிறது.

• அண்மையில் நடந்தவற்றை மறத்தல், ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டல்
• காலையில் கை நடுங்குதல்
• அடிக்கடி தடுமாறி விழுதல், சிறு விழுதலிலேயே எலும்பு முறிதல்
• கால் எரிச்சல், மரத்துப்போதல்
• தொடை, தோள் தசைகள் மெலிதல்
• உறக்கம் கலைதல், எதிலும் நாட்டமின்மை
• ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம்

இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் உண்டு. எனினும், மது ஒரு காரணமாக இருந்தால் அதனைக் கண்டறிவது மிகவும் முக்கியம். ஏனெனில் முதுமையைத் திருப்ப முடியாது, மதுவின் பாதிப்பில் ஒரு பகுதியைத் திருப்ப முடியும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது மதுப்பழக்கத்தை மறைக்காமல் கூறுங்கள்.

குழப்பம், கண் அசைவில் மாற்றம், நடையில் தள்ளாட்டம் ஆகியவை திடீரெனத் தோன்றினால் அது தயாமின் எனும் வைட்டமின் பி1 குறைபாட்டின் அவசர நிலையாக இருக்கலாம். உடனே மருத்துவமனையில் ஊசி மூலம் தயாமின் அளித்தால் நிலையான மறதி நோயைத் தடுக்க இயலும்.

மதுவை நிறுத்தினால் மூப்பின் அடையாளங்கள் மீளுமா?

சில மீளும், சில மீளா. கல்லீரலில் படிந்த கொழுப்பு, மதுவை முழுமையாக நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது. அதிகம் அருந்துபவர் அளவைக் குறைத்தாலே இரத்த அழுத்தம் தணிகிறது. சுருங்கிய மூளையின் கொள்ளளவில் ஒரு பகுதி வாரங்களிலும் மாதங்களிலும் மீள்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்துடன் கவனமும் நினைவாற்றலும் மேம்படலாம். கல்லீரல் இறுகிச் சுருங்கிவிட்ட நிலையை முழுமையாக மாற்ற இயலாது. அப்போதும் நிறுத்துவதால் வாழ்நாள் நீள்கிறது. எனவே "இனி நிறுத்தி என்ன பயன்?" என்ற எண்ணத்துக்கு மருத்துவத்தில் இடமில்லை.

எச்சரிக்கை: திடீரென நிறுத்த வேண்டாம்

நாள்தோறும் அதிக அளவில் அருந்துபவர், அல்லது காலையில் நடுக்கத்தைப் போக்க அருந்துபவர், மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். கடைசியாக அருந்திய 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, பதற்றம், வாந்தி தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் கடும் குழப்பமும் இல்லாதவற்றைக் காண்பதும் காய்ச்சலும் தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. 108ஐ அழையுங்கள். விழா, விரதம், கோயிலுக்கு மாலை அணிதல், அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்தல் ஆகிய தருணங்களில் பலரும் திடீரென நிறுத்துகின்றனர். அத்தகைய நாட்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்தியுங்கள்.

குடும்பத்தினரின் கவனத்துக்கு

குடிப்பவருக்குத் தெரியாமல் உணவிலோ பானத்திலோ கலந்து கொடுக்கலாம் என்று விற்கப்படும் மருந்துகளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் டைசல்பிரம் போன்ற மருந்து கலந்திருக்கக்கூடும். அதனை உட்கொண்டவர் அறியாமல் மது அருந்தினால் இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பாதிக்கப்பட்டு உயிரிழக்கவும் நேரலாம். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து மேலும் அதிகம். டைசல்பிரம், நோயாளி அறிந்து ஒப்புக்கொண்ட பின்னர், தகுந்த பரிசோதனைகளுடன் மருத்துவரால் மட்டுமே தரப்பட வேண்டிய மருந்து.

போதையில் இருக்கும்போது வாதிடுவதால் பயன் இல்லை. காலையில் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவருடைய உடல்நிலையைப் பற்றி மட்டும் அமைதியாகப் பேசுங்கள். "நீங்கள் குடிகாரர்" என்பதைவிட, "போன மாதம் இரண்டு முறை விழுந்துவிட்டீர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம்" என்பது செவியில் ஏறும். வீட்டில் வன்முறை இருப்பின் உங்கள் பாதுகாப்பே முதன்மையானது.

மது அடிமைநிலை ஒரு நோய். நடுவண் அரசு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் 5 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மது தொடர்பான உதவி தேவைப்படுகிறது. உங்கள் குடும்பம் இதில் தனித்து நிற்கவில்லை. வெட்கப்பட்டு மறைக்கவும் தேவையில்லை.

எங்கே உதவி பெறலாம்?

• அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம்: இரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனை, ஆலோசனை, மேற்சிகிச்சைக்கான பரிந்துரை
• மாவட்ட அரசு மருத்துவமனை மற்றும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு: மதுவிலிருந்து விடுபடுவதற்கான சிகிச்சை
• தொலைபேசி ஆலோசனை: டெலி மனஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446, தமிழ்நாடு மருத்துவ உதவி எண் 104
• அவசர நிலையில்: 108

மருத்துவரைச் சந்திக்கச் செல்லும்போது மூன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள்: இப்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளும், கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கை, ஒரு வாரத்தில் எந்த நாளில் எவ்வளவு அருந்தினார் என்ற குறிப்பு. சரியான சிகிச்சையைத் தொடங்க இம்மூன்றும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.